ரேக்கில் மாட்டுகிறவர்கள்

வலைப்பின்னல் சாதனம் ஒன்று அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும்போது கூடவே ஒரு நிறுவல் கையேடும் வரும். அதன் முதல் பக்கங்களில் மென்பொருளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பெட்டியின் எடை எவ்வளவு, எத்தனை பேர் சேர்ந்து தூக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் எவ்வளவு இடம் விட வேண்டும், அறையின் வெப்பம் எதைத் தாண்டக் கூடாது, எர்த் கம்பியை எந்த ஸ்க்ரூவில் கட்ட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகும். எங்கோ ஆகாயத்தில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இணையம் அந்தப் பக்கங்களில் கிலோவாகவும் மில்லிமீட்டராகவும் ஆம்பியராகவும் தரைக்கு இறங்கி வருகிறது. இணையத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நேர்மையான பக்கங்கள் வேறில்லை.

அந்தப் பக்கங்களின்படி வேலை செய்கிறவர்களுக்கு நம் அலுவலகங்களில் மரியாதை குறைவு. பெட்டியைக் கன்ஃபிகர் செய்கிறவர் இன்ஜினியர். மாட்டுகிறவர் ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். முன்னவருக்கு நாற்காலி, பின்னவருக்குக் கேட் பாஸ். முன்னவர் பெயர் ஆவணத்தில் ஏறும். பின்னவர் வேலை பில்லில் ஒற்றை வரியாக முடிந்துவிடும். இந்தப் பாகுபாடு அநியாயம் என்பது ஒரு பக்கம். பெட்டியை உள்ளபடி புரிந்துகொள்ள இதுவே பெரிய தடையாகவும் இருக்கிறது என்பது என் எண்ணம். மாட்டும் வேலைக்குள் என்னென்ன அறிவு அடங்கியிருக்கிறது என்று ஒருமுறையாவது எழுதிவைக்க வேண்டும்.

ஃபயர்வால், ரவுட்டர், ஸ்விட்ச், லோடு பேலன்சர் என்று பெயர் எதுவானாலும், ரேக் என்னும் சட்டகத்தில் ஏறும் பெட்டியின் முகப்பு 19 அங்குல அகலம். அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை ‘யூ’ என்ற அலகால் சொல்வார்கள். ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம், 44.45 மில்லிமீட்டர். கணினி என்ற பேச்சே இல்லாத காலத்து அளவு இது. தொலைபேசிக் குரல் தொலைதூரக் கம்பியில் தேய்ந்துபோகாமல் வழியில் பெருக்கிக் கொடுக்க ரிப்பீட்டர்கள் வந்தன. தொலைபேசி நிலையங்களில் அவை இடத்தை அடைத்துக்கொண்டபோது, 1922 வாக்கில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் இந்த அகலத்தையும் உயரத்தையும் வகுத்தது. 1965இல் அந்த நாட்டு மின்னணுத் தொழில் சங்கம் இதைப் பொதுத் தரமாக்கியது. வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்தது, அதுவும் சில்லுக்குள் அடங்கியது. சட்டகம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் செய்த ரேக்கில் ஏற வேண்டும் என்று போட்டியாளர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒன்று நூறு ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது. தொழில்நுட்ப வரலாற்றில் இதை ஒரு பெரிய சாதனையாகவே நான் மதிக்கிறேன்.

ரேக்கின் கம்பங்களில் சதுர ஓட்டைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி சமமாக இருக்காது. 15.875 மில்லிமீட்டர், மறுபடி 15.875, பிறகு 12.7. கூட்டிப் பாருங்கள், 44.45 வரும். நெருங்கி நிற்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. இது தெரியாதவர் ஓர் ஓட்டை தள்ளி மாட்டிவிடுவார். பெட்டி உறுதியாகத்தான் நிற்கும். ஆனால் அதற்கு மேலேயும் கீழேயும் எதற்கும் உதவாத சந்து விழும். ஒரு யூ பெட்டி இரண்டு யூவைக் கெடுத்துவிடும்.

அந்தச் சதுர ஓட்டைக்குள் கேஜ் நட்டை உள்பக்கமிருந்து பொருத்த வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நட்டு, அதைச் சுற்றி ஸ்பிரிங் எஃகில் ஒரு கூடு, கூட்டுக்கு இரண்டு காது. ஒரு காதை ஓட்டையின் ஓரத்தில் மாட்டி, மற்றதை அழுத்தி வளைத்து உள்ளே இறக்க வேண்டும். நழுவினால் எஃகு நகக்கண்ணில் ஏறும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

“அண்ணே, நட்டு உக்கார மாட்டேங்குது.”

“ஸ்க்ரூடிரைவர வச்சு நெம்பாத தம்பி, கைய கிழிச்சுக்குவ. பையில கொக்கி ஒண்ணு குடுத்திருப்பான் பாரு, அதுல இழு. ஆமா, எந்த யூவுல போடுற?”

“மேலேருந்து பத்தாவதுண்ணே.”

“மேலேருந்து எண்ணாத. ஒண்ணாம் நம்பர் தரையில இருக்கு. கீழேருந்து எண்ணி, ரேக் படத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வா.”

அந்த அண்ணன் படித்தது ஐடிஐ. அவர் கற்றுத்தந்ததில் பாதி எந்தச் சான்றிதழ்த் தேர்விலும் கேட்கப்படாது. கனமானது கீழே, லேசானது மேலே. இருவர் தாங்கிப் பிடிக்க, மூன்றாமவர் முதலில் கீழ் ஓட்டைகளில் ஸ்க்ரூ போட வேண்டும். பாரம் அதில்தான் உட்காரும். எதையும் உடனே முறுக்கிவிடக் கூடாது. நான்கையும் பாதி ஏற்றி, பெட்டி நேராக நிற்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு முறுக்க வேண்டும். ஆழமான பெட்டியை முன்பக்கக் காதுகளை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது, பின்பக்கமும் தாங்க ரெயில் வேண்டும். ரெயிலில் ஏறிய இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் வெளியே இழுக்கவே கூடாது, ரேக் முன்னால் சாயும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய கால்விரல் இருக்கிறது.

அடுத்தது காற்று. பெட்டி தின்னும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 500 வாட் பெட்டி என்றால் 500 வாட் சூடு. ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். அப்படிப்பட்ட ஏழு பெட்டிகள் ஒரு டன்னைத் தின்று தீர்த்துவிடும். ஒரு யூ உயரத்துக்குள் 40 மில்லிமீட்டர் விசிறிதான் நிற்க முடியும். இவ்வளவு சின்ன விசிறி போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேலே போக வேண்டும். சர்வர் ரூம் கதவைத் திறந்ததும் காதில் அறையும் அந்த இரைச்சல் அதுதான்.

காற்று முன்னால் குளிர்ந்து நுழைந்து பின்னால் சூடாக வெளியேற வேண்டும். ரேக்கில் காலியாக விட்ட யூக்களைத் தகடு போட்டு மூடாவிட்டால், பின்னால் போன சூடு அந்த ஓட்டை வழியாகவே முன்னால் திரும்பி வரும். பெட்டி தன் மூச்சையே மறுபடி இழுக்கும். ஏசியை 18இல் வைத்தும் விசிறி அலறுகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகடுகளைத்தான். ஸ்விட்ச்சுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கேபிள் போட வசதியாக அதன் போர்ட் பக்கத்தை ரேக்கின் பின்னால் திருப்பி மாட்டுவார்கள். அப்போது அதன் விசிறி மற்ற பெட்டிகளுக்கு எதிர்த்திசையில் ஊதும். இதற்காகவே காற்றோட்டம் மாற்றிய விசிறிகளைத் தனியாக விற்கிறார்கள். திசை தெரிவதற்குக் கைப்பிடியில் நிறம் வைக்கிறார்கள். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. கொள்முதல் கமிட்டியில் மாட்டுகிறவரை உட்காரவைத்தால் அவர் கேட்பார்.

மின்சாரத்துக்கு வருவோம். நல்ல பெட்டிகளில் பவர் சப்ளை இரண்டு இருக்கும், ஒன்று போனால் மற்றது தாங்கும் என்பதற்காக. அந்த இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸின் ஒரே பட்டையில் செருகி வைத்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை இலவசமாகத் தூக்கியெறிவது அது. வெவ்வேறு யுபிஎஸ், வெவ்வேறு பிரேக்கர், முடிந்தால் வெவ்வேறு நிற ஒயர் வேண்டும். இதோடும் முடியவில்லை. இரண்டு பக்கமும் பாரத்தைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் போனால் முழுப் பாரமும் மற்றதன் தலையில் விழும். அந்தப் பக்கம் ஏற்கெனவே கொள்ளளவில் பாதியைத் தாண்டியிருந்தால் அதுவும் டிரிப் ஆகும், ஒட்டுமொத்த ரேக்கும் இருளும். அதனால் பெட்டியைப் பயன்பாட்டுக்கு விடுமுன் ஒரு ஒயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிறகு அதைச் செருகிவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். இந்தச் சோதனைக்குத் துணிகிற இன்ஜினியர்கள் குறைவு. துணிகிறவர்களை நான் நம்புகிறேன்.

பெட்டியின் பின்பக்க மூலையில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், பக்கத்தில் எர்த் குறி. பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். மூன்று முள் பிளக்கிலேயே எர்த் இருக்கிறதே என்பார்கள். ஒயரைப் பிடுங்கினால் அந்த எர்த்தும் கூடவே போய்விடும். இந்த ஸ்க்ரூவில் கட்டிய கம்பி போகாது. பச்சையும் மஞ்சளும் கலந்த அந்தக் கம்பி ரேக்கின் செம்புப் பட்டைக்குப் போகிறது, அங்கிருந்து கட்டடத்தின் பட்டைக்கு, அங்கிருந்து சுவர் தாண்டி வெளியே, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சிமென்ட் மூடி போட்ட எர்த் குழிக்கு. நம் ஊர்ப் பழைய கட்டடங்களின் எர்த் குழியில் உலோகக் குழாயைச் சுற்றி உப்பையும் மரக்கரியையும் அடுக்கடுக்காகக் கொட்டியிருப்பார்கள். உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். மேலே ஒரு புனல் இருக்கும், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு. மண் காய்ந்தால் எர்த் கெட்டுப்போகும்.

சித்திரை வெயிலில் அந்தப் புனலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறவர் பெரும்பாலும் கட்டடத்தின் காவலாளி. எதற்கு ஊற்றச் சொல்கிறார்கள் என்று அவருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். மாடியில் பல லட்ச ரூபாய்ப் பெட்டி ஒன்று அந்த வாளித் தண்ணீரையும் சேர்த்து நம்பித்தான் ஓடுகிறது. மல்டிமீட்டரை எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்து, ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். காரணம் சில சமயம் தளர்ந்த நட்டாக இருக்கும், சில சமயம் குழி காய்ந்திருக்கும். வலைப்பின்னல் பாடநூல்கள் அதன் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்துச் சொல்கின்றன. அந்த ஏழுக்கும் கீழே உப்பும் கரியும் இருப்பதைச் சொல்வதில்லை.

பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது? மூடியைத் திறந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மதர்போர்டு, மெமரி, நாணயம் போன்ற ஒரு பேட்டரி, அலுமினியத் தகடுகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சில்லுகள். கொஞ்சம் நின்று பார்த்தால் இரண்டு வேலைகள் பிரிந்து நடப்பது புரியும். ஒரு பக்கம் சாதாரணக் கணினியில் இருப்பது போன்ற பிராசஸர். எந்த வழி எங்கே போகிறது என்று யோசிப்பது, நிர்வாகியோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. இன்னொரு பக்கம் இந்த ஒரே வேலைக்காக வார்த்தெடுத்த சில்லு. அதற்கு யோசிக்க நேரமில்லை. நொடிக்கு 10 கிகாபிட் ஓடும் ஒரு போர்ட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பாக்கெட் வரும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67 நானோ நொடி. அதற்குள் வெற்றிடத்தில் ஒளியே 20 மீட்டர்தான் போகும். அந்த இடைவெளிக்குள் முகவரியைப் படித்து, அட்டவணையில் தேடி, எந்தப் போர்ட் என்று தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு வரியாகத் தேடினால் கதைக்கு ஆகாது. அதனால் அட்டவணையின் எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் ஒப்பிடும் தனி வகை மெமரியை வைக்கிறார்கள். அப்படிப்பட்ட தேடலுக்கு மின்சாரம் நிறையச் செலவாகும், சூடும் நிறைய வரும். முன்னால் சொன்ன விசிறி இரைச்சலுக்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

இந்த வம்சத்தின் முதல் பெட்டி 1969 ஆகஸ்ட் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியது. ஹனிவெல் டிடிபி-516 கணினியை எடுத்து போல்ட் பெரனெக் அண்ட் நியூமன் நிறுவனம் மாற்றியமைத்தது. எடை 400 கிலோவுக்கும் மேலே. போர்க்கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் நிறம், கொக்கி போட்டுத் தூக்க உச்சியில் நான்கு வளையம். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஃபிராங்க் ஹார்ட், இரும்புக் கவசம் மாதிரி இருந்தால்தான் மாணவர்கள் நோண்ட மாட்டார்கள் என்று கருதியவர். மின்சாரம் போய் வந்தால் யாரும் கைவைக்காமல் தானாகவே எழுந்துகொள்ளும்படி அதைச் செய்தார்கள். ஆளில்லாத அறையில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய பெட்டி என்ற எண்ணம் அங்கேயே பிறந்துவிட்டது. அக்டோபர் 29 அன்று அதன் வழியே முதல் செய்தி போனது. ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது என்பது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்த வளையங்கள்தான் முக்கியம். பெட்டியை வடிவமைத்தவர்கள் அதைத் தூக்கப்போகிறவர்களையும் நினைத்திருக்கிறார்கள்.

வன்பொருளுக்கு ஆயுள் உண்டு என்பதை மென்பொருள்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். 2017 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னுடைய சில சாதனங்களில் இருக்கும் கடிகார சமிக்ஞைக்கான ஒரு பாகம் ஏறத்தாழ 18 மாதம் ஓடிய பிறகு செயலிழக்கத் தொடங்கலாம், செயலிழந்தால் பெட்டி மறுபடி எழாது என்றது. எந்தக் கட்டளையாலும் அதைப் பிழைக்கவைக்க முடியாது. பெட்டியைக் கழற்றி வேறு பெட்டியை ஏற்றியே ஆக வேண்டும். அப்படி ஒரு நாளில் ரேக்கின் முன்னால் போய் நின்றால்தான், முதலில் மாட்டியவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் இருக்கிறதா? கேபிள்கள் ஓரமாக ஒதுங்கி, பெட்டி வெளியே வர வழி விட்டிருக்கின்றனவா? ஃபைபரைப் பிளாஸ்டிக் டையால் இறுக்காமல் வெல்க்ரோவால் தளர்வாகக் கட்டியிருக்கிறாரா? இவை மூன்றும் இருந்தால் இரவு இரண்டு மணிக்கும் வேலை அரை மணியில் முடியும். இல்லாவிட்டால் விடிந்துவிடும்.

வரும் போக்குவரத்தின் நடுவில் உட்காரும் பாதுகாப்புப் பெட்டிகள் சிலவற்றில் ஒரு ரிலே வைத்திருப்பார்கள். மின்சாரம் போனால் ‘டக்’கென்ற சத்தத்தோடு அது உள்ளே வரும் கம்பியையும் வெளியே போகும் கம்பியையும் நேராக இணைத்துவிடும். பெட்டி செத்தாலும் பாதை திறந்திருக்கும். அதே பெட்டியில் இதற்கு எதிராகவும் வைக்கலாம்: பெட்டி செத்தால் பாதையும் அடைபடும். எது சரி? மருத்துவமனையில் ஸ்கேன் படம் டாக்டரின் திரைக்குப் போகும் பாதை என்றால் திறந்தே இருக்கட்டும் என்பேன். பணம் போகும் பாதை என்றால் அடைபடட்டும். யார் பாதிக்கப்படலாம் என்ற கேள்விக்கான பதிலை ஒரு சின்ன ரிலேயின் இருப்புநிலையில் எழுதிவைக்கிறோம். இந்த முடிவை நிர்வாகம் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டும். பெட்டி எப்படி வந்ததோ அப்படியே விட்டுவிடுவது முடிவாகாது.

கடைசியாக ஃபைபர். சிங்கிள் மோடு இழையில் ஒளி ஓடும் மையத்தின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான், தலைமுடியில் எட்டில் ஒரு பங்கு அளவு. மூடியைக் கழற்றி விரல் பட்டுவிட்டால் போதும், அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒளியை மறித்துவிடும். பேனா போல ஒரு துடைப்பான் இருக்கிறது. ‘கிளிக்’ என்று அழுத்தினால் உள்ளே ஒரு நூல் நகர்ந்து முனையைத் துடைக்கும். புத்தம் புதுக் கேபிளையும் துடைத்துவிட்டே செருக வேண்டும். எரிகிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுடக்கூடியது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு 2002இல் ஒரு கேபிள் போட்டார்கள். அந்தத் தூரத்தை ஒளி கண்ணாடிக்குள் 16 மில்லி நொடியில் கடந்துவிடும். கடலைத் தாண்டி வந்த ஒளி ஏதோ ஒரு ரேக்கில், யாரோ துடைத்துச் செருகிய ஒரு முனையில்தான் வந்து சேருகிறது. அவர் துடைக்காமல் விட்டிருந்தால் கடலைத் தாண்டி வந்தும் பயனில்லை.

நம் பொறியியல் கல்லூரிகளில் வலைப்பின்னலைப் பெரும்பாலும் சிமுலேட்டரில்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். கட்டளைகளைப் பழக அது நல்ல கருவி. ஆனால் திரையில் வரைந்த ரவுட்டருக்கு எடை கிடையாது, சூடாகாது, எர்த் கேட்காது, மாணவர் கையைக் கிழிக்காது. அதே கல்லூரிகளின் பின்கட்டில் பழைய ஸ்விட்ச்சுகள் தூசி படிந்து ஸ்க்ராப் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. ஏலம் விடுமுன் நான்கைந்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வையுங்கள். ஒரு காலி ரேக், ஒரு பை கேஜ் நட், ஒரு மல்டிமீட்டர் கொடுங்கள். ஒயரைப் பிடுங்கிவிட்டு மாணவர்கள் மூடியைத் திறக்கட்டும். பவர் சப்ளையின் கூட்டை மட்டும் திறக்க வேண்டாம், கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றி மாட்டி, மறுபடி கழற்றிப் பழகட்டும். சொல்லிக்கொடுக்க, தினமும் ரேக் மாட்டும் தொழிலாளி ஒருவரையே அழையுங்கள். வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்கு என்ன மதிப்பூதியம் தருகிறீர்களோ அதையே அவருக்கும் தாருங்கள்.